விளக்குள்ள மோடமும் விளக்கில்லாத கார்டும்: எது பழுதைக் காட்டிக் கொடுக்கும்?

குமரி மாவட்டத்துத் தொலைபேசிக் கம்பி வருடத்தில் இரண்டு பருவமழையைத் தாங்க வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் இணைப்புகளில் களிம்பு ஏறும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் கம்பி மரக்கிளைகளுக்கு நடுவே போகும். சித்திரை, வைகாசியில் இடிமின்னல் வேறு. இந்த லைனில் டயல்-அப் (போன் லைனில் எண்ணை டயல் செய்து இணையத்தில் சேரும் பழைய முறை) அறுந்தால், கோளாறு கணினியிலா, கேபிளிலா, லைனிலா, மறுமுனையிலா என்று எது நமக்குச் சொல்லும்? மோடம் என்பது கணினியைப் போன் லைனோடு இணைக்கும் கருவி. கணினியின் சீரியல் போர்ட்டில் கேபிளால் சேரும் வெளி மோடத்தையும், கணினிக்குள் பிசிஐ இடத்தில் செருகும் மோடம் கார்டையும் இதை வைத்தே எடைபோட வேண்டும், விலை அப்புறம்தான்.

வெளி மோடத்தின் விளக்குகளை ஒரு வரிசையில் படிக்க வேண்டும். எம்ஆர் (மோடம் ரெடி) எரிந்தால் மோடத்துக்குக் கரண்ட் உண்டு. டயல் செய்யும் நிரலைத் திறந்ததும் டிஆர் (டெர்மினல் ரெடி) எரிய வேண்டும். அது கணினி 'நான் தயார்' என்று அனுப்பும் டிடிஆர் சிக்னல், 9 பின் இணைப்பியில் 4ஆவது பின். எரியவில்லையென்றால் நிரலில் தேர்ந்தெடுத்த காம் போர்ட் (சீரியல் போர்ட்டின் எண்) தவறு, அல்லது கேபிளில் அந்தக் கம்பியே இல்லை. தொலைபேசி லைனைத் தொடவே வேண்டாம். 2, 3, 5 மட்டும் இணைத்த மூன்று கம்பிக் கேபிள் இன்னொரு தலைவலி: மோடம் 'ஓகே' என்று பதில் சொல்லும், ஆனால் 'அனுப்பு', 'பொறு' என்று சொல்லும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் சிக்னல்கள் 7, 8 பின்களில் இல்லாததால் பெரிய கோப்பு பாதியில் நின்றுவிடும்.

அடுத்தது ஓஎச் (ஆஃப் ஹூக்: மோடம் போனை எடுத்துவிட்டது). ரிலே 'டிக்' என்றதும் எரியும். எரிந்த சில நொடியில் அணைந்து 'நோ டயல்டோன்' வந்தால், அதே சாக்கெட்டில் ஒரு போனைச் செருகிக் கேளுங்கள். டோன் கேட்டால் மோடத்துக்கு ஏடிஎக்ஸ்3 என்ற கட்டளை கொடுத்து, டோனுக்குக் காத்திராமல் டயல் செய்ய வைக்கலாம். ஓஎச் எரிந்து, மோடங்களின் கீச்சொலியும் கேட்டு, சிடி (மறுமுனை மோடத்தின் சிக்னலான கேரியர் கிடைத்ததைக் காட்டும் விளக்கு) மட்டும் வரவில்லையென்றால் நம் மோடமும் மறுமுனை மோடமும் ஒத்துப்போகவில்லை. முதல் சந்தேகம் லைன் இரைச்சல்மேல். சிடி எரிந்து, எஸ்டி (தரவு அனுப்புதல்), ஆர்டி (தரவு பெறுதல்) நாலைந்து முறை சிமிட்டி, எல்லாம் அணைந்தால் லைன் நன்றாகவே இருக்கிறது. பெயரையும் கடவுச்சொல்லையும் பாருங்கள், திரையில் பிழை எண் 691 வந்திருக்கும். பலர் இங்கேதான் கேபிளை மாற்றப் போய்விடுகிறார்கள்.

விளக்கும் பொய் சொல்லும். ஏடி&சி0 என்று அமைத்த மோடத்தில் சிடி எப்போதும் எரியும்; &சி1 ஆக்கினால்தான் உண்மையான கேரியரைக் காட்டும். &டி0 இன்னும் மோசம்: கணினி டிடிஆரை இறக்கினாலும் மோடம் போனை வைக்காது. ஓஎச் எரிந்துகொண்டே இருக்கும், பில்லும் ஏறிக்கொண்டே இருக்கும். &டி2 வைத்து, &டபிள்யூ கொடுத்துச் சேமித்துவிடுங்கள்.

உள் கார்டில் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலானவை மென்பொருள் மோடங்கள். டிடிஆரும் சிடியும் டிரைவருக்குள்ளேயே நடக்கும். பழைய விண்டோஸ் டாஸ்க்பாரின் இரட்டைத் திரைச் சின்னம் எஸ்டி, ஆர்டிக்குச் சமம், அவ்வளவே. மோடத்தின் செயல்களைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பையும் பிழை எண்களையும்தான் நம்ப வேண்டும்: 680 டோன் இல்லை, 676 பிஸி, 678 பதிலில்லை. ஆனால் இதே லாக் வெளி மோடத்துக்கும் கிடைக்கும். கார்டின் சாதகம் விலையும், தனி அடாப்டர் வேண்டாம் என்பதும்தான்.

மழைக்குப் பிந்திய நாட்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பக்கம் உறைந்து நிற்கிறது. வெளி மோடத்தில் சிடி எரிந்தபடி, எஸ்டி, ஆர்டி இரண்டும் சில நொடி ஓய்ந்து மறுபடி சிமிட்டினால், மோடங்கள் வேகத்தை மறுசீரமைக்கின்றன என்று அர்த்தம். உடனே துண்டிக்காதீர்கள். மோடத்தில் எஸ்10=50 (கணக்கு பத்தில் ஒரு நொடியில்) என்று வைத்தால் கேரியர் 5 நொடி வரை மறைந்தாலும் மோடம் பொறுத்திருக்கும். வி.90 என்ற வேகத் தரத்தை விட்டு அதற்கு முந்திய வி.34க்கு இறக்கினால் 33.6 கேபிபிஎஸ்க்கு மேல் போகாது, ஆனால் நிலைத்து நிற்கும். கார்டிலும் இவற்றைச் செய்யலாம். எப்போது செய்ய வேண்டும் என்பதைத்தான் அது காட்டாது.

மின்னல் விஷயத்திலும் வெளி மோடத்துக்கே எங்கள் ஓட்டு. போன் லைனில் வரும் அதிர்ச்சி கார்டின் வழியே நேராக மதர்போர்டில் இறங்கக்கூடும். வெளி மோடம் என்றால் சேதம் பெரும்பாலும் மோடத்தோடும் சீரியல் போர்ட்டோடும் நின்றுவிடும். எதுவானாலும் இடி கேட்டதும் பவர் பிளக்கோடு போன் வயரையும் பிடுங்குங்கள்.

நாகர்கோவிலில் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீடு, புதைகேபிள் என்றால் கார்டே போதும். மற்றவர்கள் வெளி மோடம் வாங்குங்கள். பழையதை வாங்கினால் அடாப்டரின் லேபிளைப் படியுங்கள்: பல மோடங்களுக்கு 9 வோல்ட் ஏசி வேண்டும், டிசி அடாப்டர் செருகினால் எம்ஆர்கூட எரியாமல் போகலாம்.