அம்மாவின் பழைய வருமான வரிக் கணக்கைத் திருத்திய அனுபவம்

டொராண்டோவிலிருந்து 2026 பொங்கலுக்குக் கும்பகோணம் சென்றிருந்தபோது, அம்மாவின் 2022–23 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்தேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோரின் வரவு செலவைக் கவனிக்கும் பலருக்கும் இந்த வேலை வரக்கூடும் என்பதால் நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பாவின் மறைவுக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஊரில் கணக்குத் தாக்கல் செய்துகொடுக்கும் ஒருவர் அதைச் சம்பளம் என்ற தலைப்பில் காட்டி, 50,000 ரூபாய் நிலைக்கழிவும் எடுத்திருந்தார். பணியாற்றி ஓய்வு பெற்றவர் தாமே வாங்கும் ஓய்வூதியம்தான் சம்பளமாகக் கொள்ளப்படும். அவருக்குப் பின் துணைவிக்கு வருவது ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் சேர வேண்டும். அதற்கு அந்த ஆண்டில் கிடைத்த கழிவு, ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான். இதோடு ஒரு வங்கியின் வைப்புத்தொகை வட்டி 25,000 ரூபாயும் விடுபட்டிருந்தது. வட்டி 50,000 ரூபாயைத் தாண்டாததால் வங்கி வரி பிடிக்கவில்லை. ஆனால் துறையின் இணையதளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையில் அந்தத் தொகை பதிவாகியிருந்தது. மூத்த குடிமக்களின் வட்டி வருமானத்துக்குக் கிடைக்கும் 80டிடிபி கழிவு அஞ்சலகச் சேமிப்பின் வட்டிக்கே தீர்ந்துவிட்டதால், இந்த வட்டி முழுவதற்கும் வரி உண்டு.

திருத்துவதைவிடத் தளத்துக்குள் நுழைவதுதான் பெரும்பாடாக இருந்தது. தாக்கல் செய்தவர் தம்முடைய கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அம்மாவின் பெயரில் பதிந்து வைத்திருந்தார்; துறை ஒரு நோட்டீஸ் அனுப்பியிருந்தால்கூட அது அம்மாவின் கண்ணில் பட்டிருக்காது. வயதானவர்களின் கணக்குகளில் இது சர்வசாதாரணமாக நடக்கிறது என்று பிறகு நான் பார்த்த ஆடிட்டரும் சொன்னார். வரித் தொகையில் வரும் பிழையைவிட இதையே நான் கவலைக்குரியதாகக் கருதுகிறேன். கடவுச்சொல்லை ஆதார் ஓடிபி மூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், ஆதாரில் இருந்ததோ அப்பாவின் காலாவதியான எண். எனவே அஞ்சலகத்தின் ஆதார் கவுண்ட்டருக்குச் சென்றோம். அம்மாவின் விரல் ரேகை தேய்ந்திருந்ததால் கருவி திரும்பத் திரும்ப மறுத்தது. அங்கிருந்த பெண் ஊழியர் ஈரத்துணியால் விரல்களைத் துடைத்துப் பார்த்துவிட்டு, “பரவாயில்லம்மா, கண்ணை எடுத்துக்கலாம்” என்று கருவிழியைப் பதிவு செய்து எண்ணை மாற்றிக் கொடுத்தார். எண் மாறியதும் கடவுச்சொல்லும் தொடர்பு விவரங்களும் அம்மாவின் வசம் வந்தன.

நிதியாண்டுக்கு அடுத்து வரும் ஆண்டை மதிப்பீட்டு ஆண்டு என்பார்கள். அதன் டிசம்பர் 31 கடந்துவிட்டால் வழக்கமான திருத்தக் கணக்கைத் தாக்கல் செய்ய முடியாது என்பதே அப்போதைய விதி. அதன் பிறகு உள்ள வழி, 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்த ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த கணக்குப் படிவம். தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகளாக இருந்த அதன் காலவரம்பு 2025இல் நான்கு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. தாமதிக்கத் தாமதிக்கக் கூடுதல் வரி ஏறும்: மதிப்பீட்டு ஆண்டு முடிந்த முதல் ஆண்டில் பாக்கி வரியில் 25 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 50, பிறகு 60, 70. அம்மாவின் கணக்கு 2023–24 மதிப்பீட்டு ஆண்டுக்குரியது என்பதால், 2026 மார்ச் 31க்குள் முடித்தால் 50 விழுக்காட்டோடு போகும்.

முதலில் காட்டிய வருமானம் 4,80,000 ரூபாய். ஐந்து லட்சத்துக்குள் இருந்ததால் தள்ளுபடி போக வரியே இல்லை. கழிவில் 35,000, வட்டியில் 25,000 என 60,000 ரூபாய் கூடியதும் வருமானம் 5,40,000 ஆகி, தள்ளுபடி முழுவதும் கைநழுவிப் போனது. பழைய முறைப்படி மூத்த குடிமக்களுக்கு வரி 18,000, அதன் மேல் 4 விழுக்காடு செஸ் 720, கூடுதல் வரி 9,360, ஆக மொத்தம் 28,080 ரூபாய். இந்தத் தொகையைச் சுயமதிப்பீட்டு வரி என்று செலானில் தேர்ந்தெடுத்துக் கட்டி, அந்தச் செலான் விவரத்தைப் படிவத்தில் நிரப்ப வேண்டும். வருமானம் சரியாகக் காட்டப்படவில்லை, தலைப்பு தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற இரண்டு காரணங்களையும் குறித்தோம். ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் இந்தப் படிவத்தைத் தாக்கல் செய்யலாம் என்பதால், மற்ற வங்கிகளின் வட்டிச் சான்றிதழ்களையும் வாங்கி ஒப்பிட்ட பிறகே அனுப்பினோம். சரிபார்ப்பு அம்மாவின் புதிய எண்ணுக்கு வந்த ஓடிபியிலேயே முடிந்துவிட்டது.

அதற்கு முந்தைய 2021–22 நிதியாண்டில் நிலைமை நேர்மாறு. அவ்வாண்டு வங்கி வரி பிடித்திருந்தும், கணக்கு எழுதியவர் 80டிடிபி கழிவைக் கோராமல் விட்டுவிட்டார். ஆனால் வரியைக் குறைக்கவோ ரீஃபண்ட் கேட்கவோ ஐடிஆர்-யு படிவத்தில் இடமில்லை. கனடாவில் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கைக்கூடத் திருத்தி, அதிகம் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். இங்கே அதற்கென்று 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தைப் பொறுக்கும்படி தனியாக மனுக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கொடுக்கலாம். குடிமக்கள் அரசுக்குத் தர வேண்டிய பாக்கிக்கு நேர்வழியும், அரசு அவர்களுக்குத் தர வேண்டியதற்கு மனுவும் என்று இருப்பது நியாயமில்லை. குறைந்தது மூத்த குடிமக்களுக்காவது அதே படிவத்தில் இதற்கும் இடம் தர வேண்டும். அம்மாவின் மனுவை வட்டிச் சான்றிதழ்களோடு தயார் செய்து ஆடிட்டரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.