ஒழுகும் மேல்மாடி வாடகை வீடு: பட்டியா, பூச்சா, தட்டோடா?

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் சென்னையில் பல மேல்மாடி வாடகை வீடுகளின் கூரையில் பழுப்பு வட்டங்கள் தெரியும். பிறகு சுவரில் ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், அலமாரித் துணிகளில் பூஞ்சை வாடை அடிக்கும். வீட்டு உரிமையாளர்கள் வழக்கமாக மூன்று வழிகளில் ஒன்றை எடுக்கிறார்கள்: உள்சுவரில் பட்டி (மேடுபள்ளத்தைச் சமப்படுத்தும் மாவுப் பூச்சு) பார்த்து பெயின்ட் அடிப்பது, மொட்டை மாடியில் நீர்த்தடுப்புப் பூச்சு அடிப்பது, மாடித் தளத்தில் பதித்திருக்கும் தட்டையான சுடுமண் ஓடான தட்டோட்டைப் பெயர்த்துப் புதுத் தளம் போடுவது.

பட்டியும் பெயின்டும்தான் மலிவு. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் வேலை முடிந்துவிடும், சுவரும் பளிச்சென்று இருக்கும். ஆனால் இதைப் பழுதுபார்ப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலிருந்து இறங்கும் நீர் அப்படியே இறங்கிக்கொண்டிருக்க, கறை மட்டும் மறைகிறது. கூரைக் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கூரைக் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுக்கோளாறும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே எச்சரித்திருக்கிறது. வாடகை கொடுத்து அந்தக் காற்றைச் சுவாசிப்பது இன்னொருவருடைய குழந்தை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

ரப்பர் போல நெகிழும் வெள்ளைப் பூச்சுக்குச் செலவு குறைவு, எடையும் இல்லை. குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லாமலே சில நாட்களில் முடித்துவிடலாம். வெயிலைத் திருப்பி அனுப்புவதால் மேல்மாடி வீட்டில் வெக்கையும் தணியும். ஆனால் ஓடுகளின் இணைப்புகளைச் சுரண்டி நிரப்பி, கைப்பிடிச் சுவரின் அடி மூலையை வளைவாகப் பூசி, தளம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். தட்டோட்டுக்கு அடியில் ஏற்கெனவே நீர் இருந்தால் சித்திரை வெயிலில் அது ஆவியாகி, பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். நன்றாகச் செய்தாலும் நான்கைந்து ஆண்டுகளில் மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது பழைய சென்னைக் கொத்தனார்களின் முறை. நீர் வடியும் வாட்டம் சரியாக அமைந்தால் ஒரு தலைமுறைக்குக்கூடத் தாங்கும். செலவு பல மடங்கு. இடிக்கும் சத்தமும் கழிவை இறக்கும் பாடும் தனி. எடையும் உண்டு: சதுர அடிக்குச் சுமார் 15 கிலோ. பழையதைப் பெயர்க்காமல் அதன்மேலேயே இன்னொரு அடுக்கு போடச் சொல்லும் மேஸ்திரியை உடனே மறுத்துவிடுங்கள்.

எதைத் தேர்வது என்பதைத் தளமே சொல்லும். தட்டோட்டைக் கட்டையால் தட்டிப் பாருங்கள். ஓசை கெட்டியாக இருந்து, இணைப்புகள் மட்டும் விட்டிருந்தால் பூச்சே போதும். அங்கே தளத்தை இடிப்பது பணத்தை வீணாக்குவது. பரவலாக வெற்றோசை கேட்டாலோ, மழை விட்ட மறுநாளும் நீர் தேங்கி நின்றாலோ, பெயர்த்துப் போடுவதுதான் கணக்குக்குச் சரி. அங்கே அடிக்கும் பூச்சு ஒவ்வொரு மழைக்கும் தோற்கும், ஒவ்வொரு முறையும் வாடகைதாரர் ஒருவர் கிளம்புவார்.

இரண்டுக்கும் முன்னால் கசிவு எங்கிருந்து வருகிறது என்று உறுதிசெய்யுங்கள். வெயில் காலத்திலும் காயாத கறை என்றால் மழையைக் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும், நடுமாடி வீடாக இருந்தால் மேல்வீட்டுக் குளியலறையையும் பாருங்கள். மாடியின் வடிகுழாய் வாயில் இலை அடைத்திருப்பதே காரணமாக இருந்த வீடுகளும் உண்டு.

செலவு யாருடையது என்பதில் குழப்பம் வேண்டாம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, கட்டமைப்புப் பழுதும் வெள்ளையடிப்பும் உரிமையாளர் பொறுப்பு என்கிறது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். மாடி ஒழுகி உரிந்த சுவருக்காக முன்பணத்தில் பிடிப்பது அநியாயம்.

கார்த்திகையில் ஒழுகுகிறது என்று தகவல் வந்தால், வடிகுழாயைச் சுத்தம் செய்து, விரிசல்மேல் தார்ப்பாய் விரித்துச் சமாளியுங்கள். ஈரத் தளத்தில் எந்த வேலையையும் தொடங்க வேண்டாம். மாசி பிறந்ததும் ஆளை வரச் சொல்லுங்கள். பட்டியும் பெயின்டும் மாடி வேலை முடிந்து, உள்சுவர் முழுவதும் காய்ந்த பிறகு.