கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய பைபர் ஹெல்மெட்

விலை கொஞ்சம் கடிக்கத்தான் செய்கிறது, ஆனால் பொருள் நல்லது. கண்ணாடி நார், கார்பன், அரமிட் (கெவ்லார் போன்ற உறுதியான நார்) துணிகளைப் படைபடையாக அடுக்கி ரெசின் என்ற பிசின் ஏற்றி இறுக்கிய ஓடு, பலமாக அடிபட்டால் நார்கள் முறிந்து, படைகள் பிரிந்து வேகத்தைத் தின்னும், மிச்சத்தை உள்ளே இருக்கிற ரெஜிபோம் (தெர்மோகோல் போன்ற நுரை) நசுங்கி வாங்கிக்கொள்ளும். அதனால் பெரிய அடி ஒன்று பட்டால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான். நாடிப்பட்டியில் ஈசிஈ 22.06 என்ற ஐரோப்பிய ஹெல்மெட் பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறது. காலி வீதி நெரிசலில் தலை அவிகிறது, காற்றுத்துளைகள் போதாது. மழையில் ஹெல்மெட் கண்ணாடியில் பனிப்புகார் கட்டுகிறது. அப்புறம், கார்பன் போலத் தெரிய ஸ்டிக்கர் ஒட்டிய பிளாஸ்டிக் ஹெல்மெட்டும் அதே தட்டில்தான் கிடக்கிறது, லேபிளைப் பார்த்து எடுங்கள்.