பசிலசா, சூடோமோனசா: வன்னி மண்ணுக்கு எது?

இரண்டுமே பயிர்நோயை அடக்கும் நல்ல பற்றீரியாக்கள். கச்சானுக்கும் மிளகாய்க்கும் நான் சொல்வது பசிலஸ் சப்டிலிஸ். அது வித்தியாக, அதாவது தடித்த உறைக்குள் அடங்கி, உறங்கும். வன்னி வெயிலில் மண் காய்ந்தாலும் தாக்குப்பிடிக்கும். அது சுரக்கும் இட்டுரின், பெஞ்சைசின் என்ற பொருள்கள் பூஞ்சணத்தின் கலச்சவ்வைக் குலைக்கும். அது சுரக்கும் சர்பாக்டின் இன்னும் அருமை: பயிரின் சொந்த எதிர்ப்பையே தூண்டிவிடும்.

சூடோமோனஸ் புளோரசென்சுக்கு வித்தி கிடையாது, சூட்டில் சீக்கிரம் செத்துவிடும். பையை நிழலில் வைத்து, திகதி முடியமுன் போட வேண்டும். ஆனால் ஈரமண்ணில் வேரை வேகமாகப் பிடிக்கும். சிடரோபோர் என்ற பொருளைச் சுரந்து, மண்ணின் இரும்பைக் கவர்ந்து பூஞ்சணத்தைப் பட்டினி போடும். காலபோக நெல்லில் இலைமடலைக் கருக்கும் நோய்க்கு இதுதான் சரி.

எதை எடுத்தாலும் செப்பு மருந்தோடு கலக்காதீர்கள். நோய் முற்றியபின் ஊற்றிப் பயனில்லை, விதைநேர்த்தியிலேயே தொடங்குங்கள்.