ஊஞ்சல் பலகையில் எண்ணெய்ப் பிசுக்கு: எதை வைத்து எடுப்பது?

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகை தேக்கு. ஐப்பசி மழைக்கு முன்னால் அதற்கு ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகப் பூசி, மிச்சத்தைத் துடைக்காமல் விட்டேன். மூன்று வாரம் கழித்தும் அம்மா எழுந்தால் புடவை ஒட்டிக்கொண்டே வந்தது.

இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். கனமாக நின்றால் மேலே ஆடை கட்டும், அடியில் காற்றுப் போகாது. தேக்கில் இயல்பாகவே உள்ள எண்ணெய்ப்பசையும் காய்வதைத் தாமதப்படுத்தும்.

எல்லாரும் முதலில் எடுப்பது உப்புத்தாள். நானும் எடுத்தேன். பத்து இழுப்பிலேயே தாள் பழுப்பாக அடைத்துக்கொண்டது; தேய்க்கும் சூட்டில் பிசுக்கு இன்னும் இளகியது. வேலைக்கு வந்த ஆசாரி பார்த்துவிட்டு, "தாளைக் கீழ போடுங்க சார், முதல்ல சுரண்டணும்" என்றார்.

டர்பென்டைன் பரவாயில்லை. துணியை நனைத்துப் பத்து நிமிடம் பலகைமேல் போட்டு வைத்து, ரேகை ஓடும் வாக்கில் துடைத்தால் புதுப் பிசுக்கு கரையும். நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறதா? அப்படியானால் நம்பலாம். இறுகிய எண்ணெயை அது அசைக்காது.

இறுகியதையும் எடுப்பது பெயின்ட் ரிமூவர். ஆனால் மெத்திலீன் குளோரைடு கலந்தது மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். காஸ்டிக் சோடா தேக்கைக் கறுக்கடித்துவிடும், அதுவும் வேண்டாம்.

என் ஓட்டு சுரண்டலுக்குத்தான். ஆசாரி உடைந்த ஜன்னல் கண்ணாடிச் சில்லு ஒன்றைத் துணியில் சுற்றிப் பிடித்து, சற்றுச் சாய்த்துத் தன் பக்கமாக இழுத்தார். வெல்லப்பாகு நிறத்தில் பிசுக்கு சுருண்டு வந்தது. அடியில் தேக்கின் ரேகை தெளிந்தது. கடையில் விற்கும் ஸ்கிராப்பர் பிளேடும் இதையே செய்யும், கைக்கும் பத்திரம். வளைவான ஓரங்களில் மட்டும் பிளேடு படியாது, அங்கே டர்பென்டைன்தான். சுரண்டிய பிறகு முழுப் பலகையையும் ஒருமுறை அதில் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் 180 நம்பர் தாள் போட்டோம். அப்போது தாள் அடைக்கவில்லை.

துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும். குவிந்த துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள்.

அப்புறம், மறுபூச்சுக்குப் பங்குனி வெயில் வரை பொறுத்தோம். மெல்லியதாகப் பூசி, இருபது நிமிடத்தில் மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட்டேன்.