உலோகப் படைக்கு ஒரு ஸ்பிரே: சிட்டடெல் லெட்பெல்ச்சர்

வார்ஹாமர் 40,000 என்னும் மேசை விளையாட்டில் உலோக எலும்புக்கூட்டு வீரர்களின் சிற்றுருவங்களாக வரும் நெக்ரான் படை முழுவதையும், ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) இல்லாமல் விரைவில் வண்ணம் தீட்டி முடிக்க விரும்புவோருக்கு, சிட்டடெல் வண்ண வரிசையில் வரும் லெட்பெல்ச்சர் ஸ்பிரே அடிப்பூச்சையும் உலோக நிறத்தையும் ஒன்றாகவே தந்துவிடுகிறது. அது நன்கு காய்ந்தபின் நல்ன் ஆயில் என்னும் கருநிற நீர்ப்பூச்சைத் தடவினால், விலா எலும்புகளின் இடுக்குகளில் அது தானாகவே இறங்கி நிழலாகிறது; தட்டையான இடங்களில் தேங்குவதை மட்டும் தூரிகை நுனியால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பிறகு வெள்ளி நிறத்தைத் தூரிகையில் தொட்டு, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் லேசாக உரசினால் போதும். தஞ்சை, கும்பகோணம் பக்கத்தில் ஐப்பசி அடைமழையின் ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்தால் பூச்சு வெளிறிச் சொரசொரப்பாகக்கூடும் என்பதால், வெயில் ஏறிய நண்பகலே உகந்தது. நீர்ப்பூச்சு பளபளப்பைச் சற்று மங்கச் செய்தாலும், கல்லறையிலிருந்து எழுந்துவரும் படைக்கு அந்த மங்கலே பொருத்தம் என்பேன். விலை அதிகம்தான், உருவங்களை வாங்கியவருக்கு அது புதிதல்ல.