18 ஏக்கர் தென்னந்தோப்புக்கு 27 குதிரைத்திறன் போதுமா? மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஆனைமலைக்கு அருகில் எங்கள் குடும்பத்துக்கு 18 ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் 12 ஏக்கர் தென்னை. அதன் ஒரு பகுதியில் கோகோவும் ஜாதிக்காயும் ஊடுபயிராக நிற்கின்றன. மீதியில் தீவனப்புல், களம், வண்டிப்பாதை, வாய்க்கால் கரை. இவ்வளவையும் பராமரிக்க எந்த அளவு டிராக்டர் வேண்டும் என்று முடிவு செய்யவே எனக்கு ஓராண்டு பிடித்தது. கடைசியில் கூபோட்டா நியோஸ்டார் பி 2741 என்ற 27 குதிரைத்திறன் கொண்ட, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை வாங்கினேன். மூன்று ஆண்டுகள் ஓட்டிய பிறகு, வண்டியைப் பற்றி எழுதுவதைவிட அதன் அளவைப் பற்றி விரிவாக எழுதுவதே வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றுகிறது.

அதற்கு முன்பெல்லாம் வாடகைக்கு வரும் 45 குதிரைத்திறன் வண்டிதான் எங்கள் தோப்பை உழுதது. திறந்த நிலத்தில் அது செய்யும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோப்புக்குள் வந்தால் ஒவ்வொரு முறையும் சொட்டுநீர்க் குழாய் நான்கு இடத்திலாவது அறுபட்டது. கோகோவின் தாழ்ந்த கிளைகள் முறிந்தன. இருந்தும், நான் விசாரித்த விற்பனையாளர்களில் ஒருவர், "18 ஏக்கருக்கு 45 இல்லாம எப்படிங்க?" என்று கேட்டபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஏக்கர் கணக்கைக் கொண்டு குதிரைத்திறனைத் தீர்மானிப்பது நம் ஊர்களில் ஊறிப்போன வழக்கம். நெல் வயலுக்கும் வெட்டவெளிக் காட்டுக்கும் அது ஓரளவு பொருந்தும், தோப்புக்குப் பொருந்தாது.

தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 70 மரம் வரும். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி இருந்தால், இரண்டு மரங்களுக்கு நடுவில் 13 அடி மிஞ்சுகிறது. இது தாராளமான இடம்தான். ஆனால் நடுவில் ஒரு வரிசை கோகோ வைத்துவிட்டால், கோகோவிலிருந்து தென்னைக்கு உள்ள 12½ அடியில் பாத்தி 6 அடியை எடுத்துக்கொள்கிறது. கோகோவின் கிளைகள் இன்னொரு 2 அடியை எடுத்துக்கொள்கின்றன. வண்டிக்குக் கிடைப்பது 4½ அடி.

இதைத் தாளில் மட்டும் நம்பாமல், 4 அடியில் ஒன்றும் 6 அடியில் ஒன்றுமாக இரண்டு மூங்கில் வெட்டி, இடுப்பளவு உயரத்தில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். பெரிய வண்டியின் பின்னால் மாட்டும் ஐந்தடி ரொட்டவேட்டரின் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) சட்டம் முழுவதையும் கணக்கிட்டால் ஏறக்குறைய 6 அடி வரும் என்பதால் அந்த நீளம். அந்த 6 அடி மூங்கில் கோகோ நின்ற பகுதியில் பத்து மரம் கடப்பதற்குள் ஏழெட்டு இடங்களில் கிளையில் தட்டியது. 4 அடி மூங்கில் ஒரே ஒரு இடத்தில் உரசியது. நான் வாங்கிய வண்டியின் அகலம் 1105 மில்லிமீட்டர், அதாவது நான்கடிக்கும் குறைவு. அன்றைக்கே முடிவு பாதி ஆகிவிட்டது.

சிறிய வண்டியால் வேலை இழுத்துக்கொண்டே போகும் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. 1.1 மீட்டர் அகல ரொட்டவேட்டரை மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, திரும்புவதற்கும் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், மணிக்கு சுமார் 0.65 ஏக்கர் முடியும். 12 ஏக்கருக்கு 18½ மணி நேரம். ஐந்தடிக் கருவிக்கு இதே கணக்கில் 13½ மணி நேரம். வித்தியாசம் 5 மணி நேரம்தான். தென்மேற்குப் பருவமழைக்குப் பின் களை மண்டும் எங்கள் பகுதியில் ஆண்டுக்கு நான்கு முறை ஓட்டினாலும் 20 மணி நேரமே கூடுதல். அறுந்த குழாயை ஒட்டவைக்க ஆள்விட்ட நாட்களோடு ஒப்பிட்டால் இது எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

எடையையும் பார்க்க வேண்டும். இந்த வண்டி சுமார் 650 கிலோ. 45 குதிரைத்திறன் வண்டிகள் பொதுவாக அதைப்போல மூன்று மடங்கு வரும். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள்ளேயே இருப்பதால், ஈரமண்ணில் கனமான சக்கரம் மீண்டும் மீண்டும் ஏறி மண்ணை இறுக்குவது மரத்துக்கு நல்லதல்ல. மழை விட்ட மூன்றாம் நாளே இந்த வண்டியை உள்ளே விட முடிகிறது. சக்கரத் தடம் விரல் ஆழத்துக்கு மேல் பதிவதில்லை.

விளம்பரத்தில் சொல்லப்படும் குதிரைத்திறன் எஞ்சினுடையது. கருவியைச் சுழற்றும் பிடிஓ தண்டில் கிடைப்பது அதைவிடக் குறைவு. இந்த வண்டியில் அது சுமார் 19. கருவியை இதற்கு ஏற்றாற்போல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தென்னை மட்டையைத் தூளாக்கும் பெரிய இயந்திரத்துக்கு இந்தத் திறன் போதாது என்பதால், அதற்கு ஆண்டுக்கு இரண்டு முறை பெரிய வண்டியை வாடகைக்கு அழைக்கிறேன். ஆழ உழுவதற்கும் அப்படியே. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டிகளை உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம்.

டிரெய்லர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக எச்சரிக்க விரும்புகிறேன். மட்டையோடு ஆயிரம் காய் ஏற்றினால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். அந்தச் சுமையோடு வாய்க்கால் கரையின் இறக்கத்தில் ஒருமுறை இறங்கியபோது, பின்னாலிருந்த டிரெய்லர் வண்டியையே முன்னால் தள்ளியது. பிரேக் பிடித்தும் சக்கரம் மண்ணில் வழுக்கிக்கொண்டு போனது. நான் அவ்வளவு சுமை ஏற்றியது தவறு. 650 கிலோ எடையுள்ள வண்டி, அது எந்த நிறுவனத்துடையதானாலும், இறக்கத்தில் அந்தச் சுமையைத் தடுத்து நிறுத்தாது. இப்போது ஒரு நடைக்கு 400 காய்க்கு மேல் ஏற்றுவதில்லை, இறக்கத்தில் முதல் கியரைவிட்டு மாற்றுவதுமில்லை. சரிவான நிலமும் தினசரிப் பாரமும் உள்ளவர்கள் 35 குதிரைத்திறனுக்குக் கீழே போக வேண்டாம். ஊடுபயிர் இல்லாத தோப்பும் பத்து ஏக்கர் வயலும் சேர்ந்து இருப்பவர்களுக்கு 45 சரியான அளவே.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. மிச்சமாகும் பணத்தில் ஒரு படி பெரிய வண்டிக்குப் போகாமல், அளவுக்கேற்ற ரொட்டவேட்டரும் களைவெட்டியும் வாங்குங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், கருவியை மாட்டிய நிலையிலேயே வண்டியை உங்கள் தோப்புக்குக் கொண்டுவரச் சொல்லி, மிகக் குறுகலான வரிசையில் ஒரு மணி நேரம் நீங்களே ஓட்டிப் பாருங்கள். வரிசையின் கடைசியில் பின்னால் எடுக்காமல் ஒரே திருப்பில் அடுத்த வரிசைக்குள் நுழைய முடிகிறதா என்பதையும் அப்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.